உயிரோடிருந்தவனுக்கு அடித்த மணி

விசாரிக்காமல் ஒருவரையும் வீட்டுக்குள் எடுக்காத என் அப்பாவுக்கு,

உங்கள் முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கத்தரிக்காய்க் கறிக்கு உப்புக் கொஞ்சம் குறைவு. மற்றபடி நீங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. நீங்கள் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்த ஒரு காரியத்தை அன்றைக்கு நான் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசிக்கிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நீங்கள் எப்போதும் நாலு பேர் முன்னால்தானே என்னை ஏசுவீர்கள்.

அதைச் சொல்ல முதல் யோகான்னஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கைக் கட்டப்போகிறேன் என்று ஒன்ராறியோவில் எங்கள் மல்வேர்ன் வீட்டுக் குசினியில் வைத்துச் சொன்னபோது அம்மாதான் அழுதா. நீங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தீர்கள். "வெள்ளையெண்டாலும் ஆக்கள் ஆரெண்டு விசாரிக்க வேணும்" என்றீர்கள். உங்கள் கணக்கு எனக்கு விளங்காமலில்லை. வெள்ளைக்காரருக்குப் பாட்டனின் பெயரே ஒழுங்காகத் தெரிந்திருக்காது, அந்த இடத்தில் பிடித்து இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்று நினைத்தீர்கள்.

பாவம் நீங்கள். மார்க்கின் தாய் லிண்டா தன் சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு கடதாசியை விரித்தா. அதில் தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே யோகான்னஸ். அமெரிக்கா இங்கிலாந்து அரசனின் கையில் இருந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்தவன். கையில் காசில்லாததால், கப்பல் கூலியைக் கட்டிய பண்ணைக்காரனுக்கு வருஷக்கணக்கில் அடங்கி உழைத்தவன். பிறகுதான் அவனுக்கென்று ஒரு துண்டு நிலம், ஒரு மனைவி, பிள்ளைகள். அவனுடைய பேரப்பிள்ளைகள் குதிரை வண்டிகளில் ஒன்ராறியோவுக்கு வந்து மார்க்கம் பக்கத்தில் காடு வெட்டினார்கள். லிண்டா சொல்லச் சொல்ல, நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தீர்கள். குறை பிடிக்க இடமில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. கடைசியில் விரல் யோகான்னஸில் வந்து நின்றது.

"உதெல்லாம் சரி. கப்பலுக்கு முன்னம் உவன் ஆர்? எந்த ஊர்? தாய் தேப்பன் ஆர்?"

நான் வெட்கத்தோடு மொழிபெயர்த்தேன். லிண்டாவுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு யோகான்னஸ் பிலடெல்பியாத் துறைமுகத்தில் வந்து பிறந்தவன்.

"கப்பலிலை ஏறினவனை அனுப்பிப்போட்டு அழுதவை இருப்பினமெல்லே. அவையைத் தேடிப் பாக்கேல்லையோ?" என்று கேட்டீர்கள். லிண்டா உங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இத்தனை காலம் ஒருவரும் கேட்காத கேள்வியை, மகளைக் கொடுக்க விருப்பமில்லாத ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் கேட்கிறார்.

கலியாணத்தை முறிக்கத் தொடங்கிய விசாரணை, கலியாணம் நடந்து பிள்ளை பிறந்த பிறகும் நிற்கவில்லை. நீங்களும் மார்க்கும் காரில் பென்சில்வேனியாவுக்குப் போனீர்கள். பாதித் தமிழும் பாதி இங்கிலிஷுமாக என்னதான் கதைத்தீர்களோ தெரியாது. யோகான்னஸின் கல்லறையைக் கண்டுபிடித்துப் படமெடுத்துவிட்டு மோட்டலுக்குத் திரும்பியதும், தோயாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று மார்க்கைக் குளியலறைக்குள் தள்ளினீர்களாம். "மாமா, ஹி டைட் ஏ லோங் டைம் அகோ" என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். "எப்ப செத்தாலென்ன, சுடலைக்குப் போனால் தோயத்தான் வேணும்" என்று நீங்கள். அந்தக் கதையை லிண்டா தன் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

நீங்கள் ஏன் இவ்வளவு மினக்கெட்டீர்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் பட்டது. உங்கள் கடைசித் தம்பி குகன் சித்தப்பா போரின் முடிவில் காணாமல் போனவர். கண்டவர்கள் இல்லை, செத்ததைப் பார்த்தவர்களும் இல்லை. சரசு மாமி, உங்கள் தங்கை, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருந்துகொண்டு வருஷா வருஷம் உங்களைக் கெஞ்சுவா, அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவிடுவோம் என்று. "சவம் காணாமல் என்ன செத்தவீடு?" என்று நீங்கள் ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுவீர்கள். நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். ஆனால் தாய் தகப்பனை விட்டுப்போய்ச் செய்தி இல்லாமல் போன வேறொருவனைத் தேட உங்களுக்கு அலுக்கவேயில்லை.

பிறகு யோகான்னஸ் பிறந்த ஜெர்மன் கிராமம் அகப்பட்டது. அங்கே தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருத்தி மார்க்கோடு வீடியோவில் கதைத்தா. நீங்கள் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தேவாலயத்துப் பழைய பதிவுகளில் யோகான்னஸின் பிறப்பு இருந்தது, தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் இருந்தன. அவனுடைய சாவும் இருந்தது. பல வருஷமாக ஒரு கடிதமும் வராததால் மகன் செத்துப்போனான் என்று எண்ணி, தாய் போதகரிடம் போய் மணி அடிப்பித்து, இறந்தவர்களுக்கான செபம் சொல்லுவித்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவன் பென்சில்வேனியாவில் கோதுமை விதைத்துக்கொண்டு, பிள்ளைகள் சூழ இருந்திருக்கிறான்.

மார்க் இதை உங்களுக்கு விளங்கப்படுத்தி முடிக்கவில்லை. நீங்கள் டெலிபோனைக் கையில் எடுத்துவிட்டீர்கள்.

"சரசு, கேட்டியே? உயிரோடை இருந்தவனுக்குத் தாய் செத்தவீடு நடத்தியிருக்கிறாள். நான் சொன்னது இப்ப விளங்குதோ? இதுக்குத்தான் நான் மாட்டன் எண்டனான்."

ஸ்பீக்கரில் மாமி மெதுவாகக் கேட்டா.

"செய்ததாலை அந்தப் பொடியனுக்கு என்ன குறைஞ்சது அண்ணை? அவன் அங்கை நல்லாத்தானே இருந்தவன். தாய்க்கு அண்டைக்கெண்டாலும் நித்திரை வந்திருக்குமெல்லே."

நீங்கள் டெலிபோனை வைத்துவிட்டீர்கள். கோபமா? பதில் இல்லாமலா? நான் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த பனிக்காலம் நீங்களும் போய்விட்டீர்கள்.

திவசத்துக்கு முதல் கிழமை மாமி போன் எடுத்தா. இப்போது அவவுக்கு நடக்க இயலாது, பேச்சும் களைக்கிறது. "அண்ணைக்குச் செய்யேக்கை குகனுக்கும் சேர்த்துச் செய்துவிடு பிள்ளை. எனக்குப் பிறகு அவனுக்கு ஆர் எள்ளும் தண்ணியும் இறைப்பினம்?" நான் உங்கள் மகளல்லவா, "அப்பா விரும்பமாட்டார் மாமி" என்றேன். "ஓம், தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டா. அவ என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மார்க்கிடம் சொன்னேன். "மாமா வேண்டாம் எண்டு சொன்னவர்தான். பட் மாமி அவற்ரை தங்கச்சியெல்லே" என்றார். உங்கள் மருமகனும் உதவாத நேரத்தில்தான் நல்ல தமிழ் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மார்க் வேட்டி கட்டித் தர்ப்பையோடு இருந்தார். பெண்களையே பெற்ற உங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஐயர் சொல்லச் சொல்ல உங்கள் பெயர், உங்கள் தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் பிழையில்லாமல் சொன்னார். உங்கள் பாட்டனின் பெயர் எனக்கே தெரியாது, அவர் உங்களிடம் கேட்டு வைத்திருக்கிறார். மாமி சக்கர நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தா. குகனைப் பற்றி அவ ஒருதரமும் கேட்கவில்லை.

"வேறை ஆருக்கும் இறைக்க இருக்கோ?" என்றார் ஐயர்.

அப்பா, இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் படத்தைப் பார்த்தேன், மாமியின் கையைப் பார்த்தேன். அந்தக் கை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"இருக்கு ஐயா. குகன்" என்றேன்.

மார்க் என்னைத் திரும்பிப் பார்க்காமல் எள்ளை எடுத்தார். மாமியின் நாற்காலியைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் அவவின் கையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் விட்டார். மாமி சத்தமில்லாமல் அழுதா. பிறகு மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டா, இரண்டாந்தரம் சோறு கேட்டா, என் கட்டிலில் படுத்துப் பின்னேரம் வரைக்கும் அசையாமல் நித்திரை கொண்டா. நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சொல்லைத் தட்டிவிட்டேன். எனக்கு அது வலிக்கிறது. ஆனால் நீங்கள் காத்திருந்ததை நான் விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் சொன்னது சரி, மாமி சொன்னதும் சரி, இரண்டையும் நான்தான் இப்போது வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சித்தப்பாவைத் தேடுகிறதை நிறுத்த மாட்டேன். விசாரிக்கிற இடத்திலெல்லாம் விசாரிப்பேன். ஒருநாள் அவர் வந்து வாசலில் நின்றால், வேறு யாரும் சொல்ல விடாமல் நானே சொல்வேன், உங்களுக்குத் தண்ணீர் இறைப்பித்தவள் நான்தான், ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள் என்று. ஏசி முடியுமட்டும் தலையைக் குனிந்து நின்று கேட்டுவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து சோறு போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்,
குகனின் பெறாமகள்,
மதுரா