தேயாத சக்கரப் பட்டையும் இருமடங்குக் காப்புக் கட்டணமும்

நலம் நிலைக்க. உப்பேற்றிய வண்டியும் நெல்லேற்றிய வண்டியும் ஒரே சாலையில் எதிரெதிரே சென்று ஒன்றுக்கொன்று வழிவிடும் உவர்க்கரை நாட்டை அறம் வழுவாது ஆள்பவரும், துறைகள் யாவற்றுக்கும் தலைவியும், பெருவழிகளைக் காப்பவருமான அரசி வெண்ணிநங்கையாரின் திருவாணையால், வடகரைப் பெருவழி நாயகம் கூத்தன் நக்கனாருக்கு வரும் ஓலை. உமது கரையில் மழை பருவம் தவறாது பெய்க. பாலங்கள் உறுதியோடு நிற்க. உமது சுங்க வாயிலில் காத்து நிற்கும் மாடுகளுக்கு நிழலும் நீரும் குறையாதிருக்க.

காப்பு முத்திரை இல்லாத வண்டிகள் உமது கரையில் பெருகிவிட்டன என்றும், கட்டணம் கட்ட மனமில்லாத வண்டிக்காரரைத் தண்டிக்க ஆணை வேண்டும் என்றும் நீர் எழுதியது திருமுன் படிக்கப்பட்டது. அதற்கு விடை தருமுன், பெருவழி அமைச்சர் ஆதன் பொறையனாரால் அவிழ்க்க முடியாமற்போன ஒரு சிறு புதிரை நீர் அறிதல் வேண்டும் என்பது அரசியார் திருவுள்ளம். அதிலேயே உமக்குரிய விடையும் இருக்கிறது.

புதிர் இதுதான். கல் நிறைந்த கணவாயில் ஆண்டு முழுதும் ஏறி இறங்கும் ஒரு வண்டியின் சக்கரப் பட்டை, ஊர் எல்லையைத் தாண்டாத வண்டியின் பட்டையைவிடக் குறைவாகத் தேய்ந்திருந்தது. அஃது எப்படி?

அந்த வண்டி மணற்றிடல் சந்தையைச் சேர்ந்த வெள்ளச்சி என்பவளுடையது. கணவன் மறைந்தபின் அவளே மாடுகளை ஓட்டி உப்புச் சுமந்து வாழ்கிறாள். உப்புத் திருவிழா தொடங்க இருந்த வேளையில் சந்தைக்கு வந்திருந்த அமைச்சர் முன் அவள் வண்டியோடு வந்து நின்று, தன் வண்டியும் கொழுந்தன் சேந்தனின் வண்டியும் ஒரே தச்சன் ஒரே மரத்தில் செய்தவை என்றும், இரண்டும் இரவில் ஒரே கொட்டகையில் நிற்கின்றன என்றும், இரண்டுமே யாரையும் இடித்ததில்லை என்றும், அப்படியிருக்கத் தனக்கு மட்டும் காப்புக் கட்டணம் இருமடங்கு விதித்தது முறையன்று என்றும் முறையிட்டாள். கட்டணம் கட்டிப் பெறும் காப்பு முத்திரை இல்லாவிடில் திருவிழாவுக்குச் செல்லும் சுங்க வாயில் அவளுக்குத் திறவாது. கட்டணம் கட்டவோ கையில் வழியில்லை. மாட்டுத் தரகன் ஏற்கெனவே வந்து அவள் காளைகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவள் மொழிந்ததை மெருகேற்றாமல் அப்படியே எழுதுமாறு அரசியார் பணித்ததால் அவ்வாறே இங்கு எழுதப்படுகிறது: “கட்டணத்தக் கட்டுனா மாட்டுக்குத் தீனி இல்ல. தீனி போட்டா வாசல் தொறக்காது. பேசாம ரெண்டு மாட்டையும் அரண்மனையில கட்டிட்டுப் போறேன். நீங்களே ஓட்டிப் பாருங்க, மந்திரியாரே.”

எந்தப் பொருளும் எவ்வாறு இயங்குகிறது என்று விளக்குவதில் அமைச்சருக்கு உள்ள விருப்பம் நீர் அறியாததன்று. அவர் அவளை அமரச் செய்து, காப்புப் பேழையின் இயல்பை முதலிலிருந்து எடுத்துரைத்தார். வண்டி வைத்திருப்போர் யாவரும் ஆண்டுதோறும் சிறிது இட, அதனால் நிறைவது அப்பேழை. எவர் வண்டியேனும் கவிழ்ந்தால், அல்லது பிறர் வண்டியையோ ஆளையோ இடித்தால், அந்த இழப்பு அதிலிருந்து ஈடுசெய்யப்படும். ஆகவே பேழையைத் திறக்கவைக்கும் வாய்ப்பு எந்த வண்டிக்கு மிகுதியோ, அந்த வண்டி சற்று மிகுதியாக இடுவதே நேர்மை. நெடுந்தொலைவு செல்லும் வண்டி, செங்குத்தான வழியில் இறங்கும் வண்டி, திறந்தவெளியில் இரவு நிற்கும் வண்டி, முன்பே பலமுறை இடித்த வண்டி ஆகியவற்றுக்குக் கட்டணம் உயர்வது இதனாலேயே. சேந்தனின் வண்டி ஊருக்குள் ஓடுவது. வெள்ளச்சியின் வண்டியோ கணவாய் தாண்டி வடநாடு வரை செல்வதாக அவளே சந்தையில் சொல்லியிருக்கிறாள். இருமடங்கு வந்தது அதனால்தான் என்று அமைச்சர் நிறைவோடு முடித்தார்.

வெள்ளச்சி தலை குனிந்தாள். குனிந்த அவள் பார்வை விழுந்த இடத்தில் அமைச்சரின் பார்வையும் விழுந்தது. அங்கே அவள் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை, கொல்லன் உலையிலிருந்து அண்மையில் வந்ததுபோல் தடித்திருந்தது.

அமைச்சர் மண்ணில் மண்டியிட்டு அதைத் தடவிப் பார்த்தார். சேந்தனின் வண்டியை வரவழைத்து அதன் பட்டையையும் பார்த்தார். அதுவே மிகத் தேய்ந்திருந்தது. கொல்லனை அழைத்து, கல்லில் தேயாத இரும்பு எங்கேனும் உண்டா என்று வினவினார். அப்படி ஒன்று இருந்தால் தானே அதை விற்றுப் பிழைத்திருப்பேன் என்று அவன் விண்ணப்பித்தான். சந்தை நடுவே, வாடகைக்கு வண்டி தேடும் வணிகர் சூழ நிற்க, வெள்ளச்சியிடம் அவள் வண்டி எதுவரை செல்கிறது என்று அமைச்சர் மீண்டும் கேட்டார். கணவாய் தாண்டித்தான் என்று அவள் உரக்கச் சொன்னாள். உண்மையில் கணவாய் தாண்டும் வண்டிக்குக் கூலி மிகுதி. அந்தக் கூலி பெறுபவள் கட்டணத்துக்கு ஏன் தவிக்க வேண்டும் என்பதும் அமைச்சருக்கு விளங்கவில்லை.

விளங்காததை விட்டு நகர்ந்து பழகாதவராதலால், மறுநாள் காலை அவர் அவளுடைய வண்டியிலேயே ஏறிக்கொண்டார். ஊருக்கு வெளியே சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், கணவாய்ப் பக்கம் சற்று ஓட்டுமாறு பணித்தார். அவள் கயிற்றை இழுத்தாள். காளைகள் அதைப் பொருட்படுத்தாமல், வழக்கமான வழி இதுவன்றோ என்பதுபோல் உப்பளப் பக்கம் திரும்பி நடந்தன. மீண்டும் இழுத்தாள். அவை நின்றனவேயன்றிக் கணவாய்ப் பக்கம் ஓரடியும் வைக்கவில்லை. அந்தச் சாலையையே அவை அறியா.

வெள்ளச்சி முகத்தை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். “மாட்டுக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுக்க மறந்துட்டேங்க ஐயா” என்றாள். பின்பு சிரிப்பு அடங்கிச் சொன்னாள்: “அவரு இருந்தப்போ வேற வண்டி, வேற மாடு. வருசா வருசம் கணவாய் போனாரு. நான் உப்பளத்துக்கும் சந்தைக்குந்தான் மணல் வழியில ஓட்டுறேன். ஆனா உங்க ஆளு வந்து, முரசடிக்கிறவன பக்கத்துல வச்சுக்கிட்டு, ஊரே கேக்குற மாதிரி வண்டி எதுவரைக்கும் போவும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? உப்பளத்தத் தாண்டாதுன்னு சொன்னா, பொம்பள ஓட்டுற வண்டி, பாதியில நின்னுரும்னு ஒருத்தன் வாடகைக்குக் கேக்க மாட்டான். சேந்தனுக்கென்ன, ஒரே நெல் வணிகரு வருசம் பூரா வச்சிருக்காரு. அவன் உண்மையச் சொல்லலாம். வசதி இருக்கு.”

நக்கனாரே, பிழை யாருடையது என்பதை இங்கே நீர் கண்டுகொண்டிருப்பீர். கட்டணம் விதிக்கும் முறையில் பிழையில்லை. சந்தை நாளில் முரசறைந்து வண்டியின் பெருமையைக் கூவுவது நம் நாட்டு வழக்கம். வேலையை எளிதாக்க எண்ணி, காப்புக்குரிய கேள்வியையும் அதே முரசின் அருகே கேட்கச் செய்தவர் அமைச்சரே. வாடகைக்காரர் காதில் விழ வேண்டிய பெருமையும் பேழைக்குச் சொல்ல வேண்டிய உண்மையும் ஒரே வாயிடமிருந்து ஒரே நேரத்தில் கேட்கப்பட்டன. பெருமை வென்றது. தாம் ஓட்டாத சாலைக்கெல்லாம் ஏழை வண்டிக்காரர் கட்டணம் கட்டி வந்தனர். கட்ட இயலாதபோது முத்திரையே வேண்டாம் என்று விலகினர். அவர்கள் விலக, எஞ்சியவர் தலையில் பாரம் கூடிற்று. உமது கரையில் நடப்பதும் இதுவேயாகலாம்.

அமைச்சர் அன்றே அந்த வண்டியின் நிழலில் அமர்ந்து, வேறெவர் காதும் எட்டாத இடத்தில் அவளிடம் புதிதாகக் கேட்டு எழுதினார். உப்பளம் வரையே என்றதும் கட்டணத்தில் பெரும்பகுதி உதிர்ந்தது. கடையாணி முறிவு, பட்டை கழலுதல் போன்ற சிறு சேதங்களைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், பெரிய இழப்புக்கு மட்டுமே பேழையை நாடுவதாகவும் அவள் ஒப்பினாள். அதற்காக இன்னும் சிறிது குறைந்தது. கொட்டகையில் கிடக்கும் கணவனின் பழைய வண்டிக்கும் அவள் முழுக் காப்புக் கட்டி வந்தது அப்போதுதான் தெரிந்தது. அது ஓடாத வண்டி, விற்றால் விறகு விலையும் பெறாது. அதை நீக்கச் சொன்னார். அவளும் நீக்குக என்றாள். கொழுந்தன் வண்டியையும் தன் வண்டியையும் ஒரே முத்திரையில் சேர்த்தால் இருவருக்கும் சலுகை உண்டென்றபோது, “அவன்கூடச் சேர்ந்தா சலுகை வரும், சண்டையும் வரும். பரவால்ல, சேருங்க” என்றாள். பிறரை இடித்தால் ஈடுசெய்யும் பகுதியை மட்டும் அமைச்சர் குறைக்க விடவில்லை. அது அவளுக்காக மட்டும் உள்ளதன்று, எதிரே வருபவருக்காகவும் உள்ளது என்றார். கணவாய்க்கு வாடகை கிடைத்தால் முதலில் வந்து சொல்லிவிட்டே ஏற வேண்டும், சொல்லாமல் ஏறிக் கவிழ்ந்தால் பேழை திறவாது என்றும் எச்சரித்தார்.

திருவிழாவின் முதல் நாள் சுங்க வாயில் அவளுக்குத் திறந்தது. தரகன் வேறு மாடு பார்க்கப் போனான். அந்தப் பருவத்திலேயே மணற்றிடலில் முத்திரையின்றி ஓடிய வண்டிகள் பலவும் தாமே வந்து சேர்ந்தன. பேழை நிறைய நிறைய யாவர் கட்டணமும் சற்றே இறங்கி வருகிறது.

ஆகையால் தண்டனை வேண்டா. உமக்கு ஆணை இது: முரசறைவோன் வண்டியின் சுமையையும் ஓட்டுபவர் பெயரையும் மட்டும் கூவுக. எதுவரை ஓடுகிறது என்னும் கேள்வியை ஆண்டுக்கொருமுறை, சக்கரத்தின் அருகே, வண்டிக்காரரிடம் தனியே கேட்பீராக. கேட்டபின் குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்ப்பீராக. சொல்லும் தேய்வும் ஒத்திருந்தால், ஓடும் வழிக்கு மட்டும் கட்டணம் பெற்று முத்திரை இடுவீராக.

இது அரசியார் திருவாய்மொழி. உப்புப் பாத்தியும் சக்கரமும் பொறித்த முத்திரை இதன்மேல் இடப்பட்டது.