நாற்பது அட்டையிலும் அதே வசனம்

அடையாறு,
19.1.2024

தாசு,

ஸ்தோத்திரம் போட மனம் வரவில்லை. போன் செய்தால் நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபிக்க ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

புத்தாண்டு ஆராதனையில் இந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றோம். எனக்கு மட்டும் நீ வேறொரு தட்டை நீட்டினாய். "கண்ண மூடிகினு எடு அக்கா" என்றாய். நோய் நீங்கிச் சுகமாவேன் என்கிற வசனம் வந்தது. மார்பில் கட்டி, எட்டாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தது. கத்தி என்றாலே எனக்குப் பயம், உனக்குத் தெரியும். கர்த்தரே வேண்டாம் என்கிறார் என்று நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மேடையேறி, கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சியும் சொன்னேன். நீ வீடியோ எடுத்துப் போட்டாய்.

நேற்று, சபையைப் பெருக்கும் தேவானை அந்தத் தட்டோடு வந்தாள். அலமாரிக்கு மேலே இருந்ததாம். "இன்னாக்கா இது, அத்தினியும் ஒண்ணாவே கீது?" என்றாள். நாற்பது அட்டை. நாற்பதிலும் அதே வசனம்.

கர்த்தர் பேரைச் சொல்லி, கூடப் பிறந்த என்னையே ஏமாற்றினாயே! வீடியோவை எடு. ஞாயிற்றுக்கிழமை சபையில் உண்மையைச் சொல்.

லில்லிபுஷ்பம்


கிண்டி,
23.1.2024

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தேவகிருபையால் அனைவரும் சுகம். நீங்கள் பயந்து அழுததைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்படிச் செய்தேன். வசனம் பொய்யில்லையே, தட்டை யார் அடுக்கினால் என்ன? வெளியே சொன்னால் விசுவாசிகள் இடறிப்போவார்கள். உங்கள் சாட்சியைப் பார்த்து வேளச்சேரியில் ஒரு சகோதரியும் ஆபரேஷன் வேண்டாமென்று விசுவாசத்தில் நிற்கிறார். சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஊழியத்தில்,
பாஸ்டர் அருள்தாஸ்


அடையாறு,
5.2.2024

தாசு,

என்றைக்கும் இல்லாத 'நீங்கள்', கீழே 'பாஸ்டர்' என்று கையெழுத்து. சீ என்று ஆகிவிட்டது.

அந்த வேளச்சேரிப் பெண் வீட்டுக்கு நானே போய்த் தட்டைக் காட்டினேன். என்னைக் கண்டபடி திட்டினாள். திட்டட்டும். மறுநாளே புருஷனோடு டாக்டரிடம் போய்விட்டாள்.

நாளை எனக்கு ஆபரேஷன். நாள் தள்ளியதில் கட்டி வளர்ந்திருக்கிறது, டாக்டர் மறைக்காமல் சொன்னார். காலையில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். வசனம் எடுக்கவில்லை, அடையாளமும் கேட்கவில்லை. "பிழைப்பேனா தெரியாது ஆண்டவரே, நீர் கூட வந்தால் போதும்" என்றேன். பயம் அடியோடு போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன், சொன்ன பொய் போதும். ஆனால் எழுந்து ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். ஆண்டவர் என் கூடத்தான் இருக்கிறார்.

பக்கத்து வீட்டு நாஸியா துணைக்கு வந்திருக்கிறாள். நீ சபையில் உண்மையைச் சொல்லிவிட்டு வா, கட்டில் ஓரத்தில் உட்கார இடம் உண்டு. சொல்லாமல் ஜெபிக்க வராதே.

"கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

லில்லிபுஷ்பம்