அப்பா கேட்ட பாட்டு

றெஜி அண்ணைக்கு,

பின்னேர வகுப்புக்குப் போகிறேன். புட்டும் மீன் சொதியும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். அப்பா சாப்பிட்டுவிட்டார்.

"நெருப்புப்பெட்டி மாதிரி ஸ்பீக்கர். இது ஆருக்கடி கேக்கப்போகுது?" என்று காலையில் நீங்கள் சிரித்தபோது கத்திவிட்டேன். மூன்று கிழமையாகக் கொப்பியில் எழுதி ஒப்பிட்டுத்தான் அம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் தெரிவுசெய்தேன். அறையின் நீள அகலம்கூட அளந்தேன். முப்பது வருசம் மீன்பிடி வள்ளத்தில் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் காதைத்தான் யோசிக்கவில்லை.

நீங்கள் போனபின் அம்மாவின் இசைத்தட்டைப் போட்டேன். சொதி பொங்கியதால் ஊசியை வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் வயரைக் கொழுவ மறந்திருந்தேன். அப்பா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி, அதன் கைப்பிடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

காதருகே குனிந்து, "கேக்குதோ அப்பா?" என்று கத்தினேன்.

"ஓம் பிள்ளை, வடிவாக் கேக்குது. கொம்மாவுக்குச் சரியான விருப்பம் இந்தப் பாட்டு."

பிறகு வயரைக் கொழுவி முழுச் சத்தமும் வைத்தேன். அவருடைய தாளம் மாறவே இல்லை.

ஞாயிறு அம்மாவின் ஆண்டு நினைவுப் பூசை. அதற்குமுன் நீங்கள் சொன்ன பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையே மாற்றி எடுப்போமா? அதுவும் சரிவருமோ தெரியவில்லை.

மெற்றில்டா

வயர் விசயத்தை அப்பாவிடம் சொல்லவேண்டாம்.

பெரிய பெட்டி வந்தால் அப்பாவின் கையை அதன்மேல் வைத்துப் பார்ப்போம். கைக்காவது கேட்கட்டும்.