அஞ்சலை பாதியாய் ஒடித்த மாத்திரை

ஐப்பசி, வியாழன். மழை.

சர்க்கரைக்கான புது மருந்தைச் சோதிக்கும் எங்கள் ஆய்வில் இருக்கும் வடக்கனந்தல் அஞ்சலை, இன்று தன் ஓரகத்தி செல்வியையும் கூட்டிவந்தாள். செல்விக்கும் சர்க்கரை. காலில் ஆறாத புண்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடறியா?" என்று செல்வியைக் கேட்டேன்.

அஞ்சலைதான் பெருமையாகச் சொன்னாள். "அத எப்பவோ நிறுத்திட்டா. நீங்க எனக்குக் குடுக்கறதத்தான் பாதி ஒடச்சிக் குடுத்துக்கினு இருக்கேன். ஒரே அடுப்புல ஒலை வைக்கிறோம், நான் மட்டும் நல்ல மருந்து துன்னா எப்படிங்க?"

ஆய்வில் சிலருக்குக் கொடுப்பது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அஞ்சலை பழைய மருந்தையும் விடாமல் சாப்பிடுகிறாள். செல்விக்கு இந்தப் பாதி மட்டும்தான்.

டாக்டர், ஆய்வை நடத்தும் சென்னை அலுவலகத்துக்கு போன் செய்தார். அஞ்சலையை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். அந்த மாத்திரை எது என்று மட்டும் சொல்லவில்லை. யாருக்கு எது என்ற ரகசியப் பட்டியலை, ஆய்வில் இல்லாதவளுக்காகத் திறந்து பார்க்க முடியாதாம்.

செல்வியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கால் என்ன ஆகுமோ. ஆட்டோவில் ஏறும்போது கேட்டாள்: "இத்தினி நாளா நான் துன்னது இன்னா மாத்திரைங்க?"

"தெரியலம்மா" என்றேன்.

அஞ்சலை என்னை முறைத்தாள். "பொய் சொல்லாதீங்க. உங்களுக்கே தெரியாததையா எனக்குக் குடுப்பீங்க?"

ஆய்வில் சேர்ந்த முதல் நாளே, எது மருந்து என்று எங்களுக்கும் தெரியாது என்பது உட்பட எல்லாம் அவளிடம் படித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினேன். அன்று தலையாட்டினாள்.

நான் சொன்னது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா.