ரோஸியின் தவக்காலம்

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். இனி ஈஸ்டர் வரை வீட்டில் மீன், கறி கிடையாது. மீன்கார அந்தோணியம்மாளிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வாத்துக்குஞ்சு ரோஸி அவள் கூடைக்குப் பின்னாலேயே கேட் வரை ஓடியது.

மார்ச் 27, வியாழன்

ரோஸி நொண்டுகிறது. இடது கால். காயமில்லை, வீக்கமில்லை. காலை, மாலை இருவேளையும் பார்த்துக் குறிக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

இப்போது இரண்டு காலும் மடங்குகின்றன. நாலடி வைத்தால் உட்கார்ந்துவிடுகிறது. கேட்டுக்கு உள்ளே, அது திரியும் நிழலில்தான் மாடி வீட்டு துரைராஜ் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். இடித்திருப்பார். வேறென்ன? "குழம்புக்குத் தேறுமா சார்?" என்று சிரிப்பு வேறு. ஒரு கடிதம் எழுதினேன். 'தயவுசெய்து' மூன்று இடத்தில் வந்தது. கிழித்தேன். முப்பத்தாறு வருடம் வகுப்பெடுத்தவனுக்கு ஏன் வாய் வரவில்லை?

ஏப்ரல் 3, வியாழன்

கத்திவிட்டேன். நான்! "வாயில்லா ஜீவன் மேல வண்டிய ஏத்திட்டு சிரிக்கிறீங்களே, மனுஷனா நீங்க?" மனைவி ஐரின் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். துரைராஜ் மாடி ஏறிப் போய்விட்டார். என்ன சொல்வார்? செய்தவர்தானே.

ஏப்ரல் 5, சனி

துரைராஜ் வீட்டுக்கு மீன் கொடுத்துவிட்டு இறங்கிய அந்தோணியம்மாள் ரோஸியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா சார் துன்னுது?"

"சோறு. மூணு வேளையும்."

"மீனு?"

"தவக்காலம்மா."

"நோன்பு இருந்து நீ மோட்சம் போ சார். வாத்து இன்னா பாவம் பண்ணிச்சு?"

ஆட்டோ பிடித்து அடையாறு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவரும் அதையே சொன்னார். வளர்கிற குஞ்சுக்கு வெறும் சோறு போதாது, நியாசின் சத்துக் குறைவு, அதனால்தான் கால் விழுந்தது. மாத்திரை, மீன், தினமும் தொட்டியில் நீச்சல்.

ஸ்கூட்டர் இல்லை. நான். மார்ச் 5 - என் கையெழுத்திலேயே இருக்கிறது. முட்டாப்பய, கால கால பாத்துக் குறிச்சியே, தட்டுல என்ன கிடக்குன்னு பாத்தியா? வாழ்நாளில் ஒரே ஒரு முறை சத்தம் போட்டேன். அதுவும் தப்பான ஆளிடம்.

ஏப்ரல் 11, வெள்ளி

தண்ணீரில் காலை உதைக்கிறது. தரையில் இன்னும் இல்லை. படியில் துரைராஜ் எதிரே வந்தார். தலையைக் குனிந்துகொண்டேன். கோழை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நேற்றே வாங்கி ஐஸில் வைத்த நெத்திலியை நானே ஆய்ந்தேன், இந்த நாளில். ஐரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தடுக்கவில்லை. ரோஸி தின்றது. எழுந்தது. கேட் வரை நடந்தது! பின்னாலேயே போனேன்.

வெளியே, தெரு வெயிலில், துரைராஜின் ஸ்கூட்டர். நான் கத்திய நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறதாம், ஐரினுக்குத் தெரிந்திருக்கிறது. சீட் வெடித்துப் பஞ்சு தெரிந்தது.

கையைக்கூடக் கழுவாமல் மாடி ஏறி மணியை அடித்தேன். துரைராஜ் கதவைத் திறந்தார். நான் வாயெடுக்குமுன், "வாத்து எப்படி சார் இருக்கு?" என்றார்.

"நடக்குது" என்றேன். மற்றதை அப்புறம்தான் சொல்ல முடிந்தது.