மாறாத மாறி

மார்ச் 3, திங்கள்
முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்த பிறகு என் முதல் டைரி. நாலு வரி எழுத அரைமணி. விரல் வலிக்கிறது. ஆனாலும் நான் எழுதியதை நானே படிக்கிறேன்! அறுபத்தெட்டு வயதில் இது போதாதா?

மார்ச் 4
மருமகள் சரியாகச் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது. ஊரிலுள்ள தண்ணீர் மீட்டர்களில் எத்தனை கசிகிறது என்று அவளுடைய புரோகிராம் எண்ண வேண்டும். வெள்ளிக்குள் சரியான எண் வராவிட்டால் வேலை போய்விடுமாம். திரையை எட்டிப் பார்த்தேன். பூஜ்யம். கம்ப்யூட்டரில் நான் முதன்முதலாகப் படித்தது அதுதான். சந்தோஷப்படவா, வருத்தப்படவா?

"எத்தன தடவ ஓட்டினாலும் இதேதான் மாமா. கசிவே இல்லாத ஊரு எங்க இருக்கு?"

மார்ச் 5
வகுப்பில் டீச்சர் வீட்டுப்பாடத் தாள் கொடுத்தார். பளபளவென்று இருக்கிறது. தொடவே பயம். மருமகள் திரையில் இன்னும் பூஜ்யம்தான். எங்கள் இருவருக்கும் அலுப்பு.

மார்ச் 6
எனக்கும் பூஜ்யம்! தாளை அழுக்காக்க மனமில்லாமல் நாலு ஜெராக்ஸ் எடுத்து அவற்றில்தான் எழுதினேன். டீச்சரிடம் நீட்டியதோ அந்தப் பளபளப்புத் தாளை.

"வெறும் தாளுக்கு எப்படிப் பெரியவரே மார்க் போடறது?" வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எழுதினதெல்லாம் காப்பியில... குடுத்தது காலித் தாளு. ஐயோ, என் மாரியும் அப்படித்தான் மாமா!"

"மாரியா? யாரும்மா அவ?"

"பெரிய ற மாமா. மாறி. எண்ணிக்கைய வச்சிருக்கிற எடம். மீட்டர் விவரமெல்லாம் நாப்பது மெஷின்ல பங்குபங்கா கெடக்கு. மாறி என் மெஷின்ல ஒண்ணே ஒண்ணு. வேலைய அனுப்பும்போது அதோட காப்பிதான் போகுது. அதுங்க அந்தக் காப்பியிலயே எண்ணிக் கூட்டிட்டு அங்கயே போட்டுடுது. என்கிட்ட இருக்கிறது அப்படியே பூஜ்யம்."

"பேரு மட்டும் மாறி. மாறவே இல்லையா?"

அப்போதுதான் சிரித்தாள். இனி மாறியைக் கூட்டச் சொல்ல மாட்டாளாம். ஒவ்வொரு மெஷினையும் தன் பங்கை எண்ணி, எண்ணியதைத் திருப்பி அனுப்பச் சொல்வாளாம்.

மார்ச் 7
மதியம் எண் வந்தது. 41,306. இத்தனை குழாய் ஒழுகுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட வீடு வேறு இருக்காது. ஆபீசுக்கு அனுப்பிவிட்டு மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் தாளிலேயே எழுதினேன். முதல் வரியிலேயே மை இழுகிவிட்டது. இருக்கட்டும்.

அவளுடைய போன் மின்னியது. எழுப்ப மனம் வரவில்லை. எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: "கணக்கு சரி. திங்கள் முதல் அடுத்த வேலை."

இரண்டு தடவை படித்தேன். எழுந்ததும் சொல்லலாம்.