மலைக்கு யார் போவது

மார்ச் 4
அரிசிக் கூழ் அடிப்பிடித்துவிட்டது. மகள் போங் உதட்டைப் பிதுக்கினாள். "அம்மா இருந்தா இப்படி ஆகுமா?" ஆகாதுதான். அவள் அம்மா தோவா மூன்றாவது வருடமாக மலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். நானும் கணக்கு வாத்தியார்தான். நகரத்துப் பெரிய பள்ளியில். இங்கே கணக்குக்கு மட்டும் ஐந்து பேர். கல்வி அலுவலகத்தில் ஒரே பதில்: "மேலே போக ஆள் கிடைச்சா உங்க வீட்டம்மா கீழே வரலாம் சார்." ஆளைப் பிடிப்பது யார் வேலை? சோம்பேறிகள்!

மார்ச் 11
ஆசிரியர் அறையில் ஒரே கொதிப்பு. பெரிய பள்ளி ஆசிரியர்களைச் சுழற்சி முறையில் மலைக்கு அனுப்பப் போகிறார்களாம். மூத்தவர் குயென் எதிர்ப்பு மனுவோடு வந்தார். "தம்பி கியெம், நல்ல பள்ளிக்கூடத்தைக் கெடுக்கப் பாக்கறானுங்க. போடு கையெழுத்தை." போட்டேன்.

மார்ச் 15
தோவா வந்திருக்கிறாள். பைக் முழுக்கச் சேறு, கன்னமெல்லாம் குளிரில் வெடிப்பு. சாப்பிடும்போது மனுவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.
"யாரும் மேலே போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, நான் மட்டும் கீழே வரணுமா? என்னங்க கணக்கு இது? காலேஜ்ல இவ்வளவு மக்கா இல்லையே நீங்க!"
போங் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆத்திரம். அவள் சொன்னது தப்பா? தப்பே இல்லை — அதுதான் எரிச்சல்.

மார்ச் 16
கிளம்பும்போது பைக் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். "சும்மா விட்டுட்டு வந்தா எம் பசங்களுக்கு விளையாட்டு வாத்தியார்தான் பின்னம் நடத்துவார். பாவம், அவருக்கே வராது" என்றாள். இந்தப் பிடிவாதக்காரியைத்தான் ஆசைப்பட்டுக் கட்டினேன். இப்போதும் அவள் மேல் அதே ஆசைதான், என்ன செய்வது?

மார்ச் 18
மனுவில் என் பெயரை அடித்துவிட்டேன். குயென் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மே 22
சுழற்சி உத்தரவு வந்தேவிட்டது. விரும்பிப் போகிறவர்கள் உண்டா என்று கேட்டார்கள். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் எழுந்து தோவாவின் பள்ளியைக் கேட்டேன். வீட்டில் சொன்னதும் போங், "அப்போ அம்மா வந்துடுவாங்களா!" என்று குதித்தாள். நான் போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கழுதை.

ஆகஸ்ட் 24
அவள் இறங்குகிறாள், நான் ஏறுகிறேன். கணவாயில் ஒரு நூடுல்ஸ் கடையில் சந்தித்தோம். "அடுப்புக்கு ஈர விறகு வைக்காதீங்க. பசங்களைத் திட்டாதீங்க, பயந்து மறுநாள் வர மாட்டாங்க." என் காலரைச் சரிசெய்தபடியே அழுதாள். ஏதோ சண்டை என்று நினைத்துக் கடைக்காரம்மா ஆளுக்கொரு முட்டை சும்மா போட்டார்.

செப்டம்பர் 6
முதல் வகுப்பு முடிந்தது. பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவள்தான் வேண்டுமாம். எனக்கும்தான். அடுப்பு பற்றவே இல்லை. இருட்டுகிற நேரத்தில் தோவா போன் செய்தாள். முதலில் பசங்களை விசாரித்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். மூன்று வருடமாக நான் அவளிடம் கேட்ட கேள்வி.
"ம், சாப்பிட்டேன்" என்றேன். அவளும் இப்படித்தான் சொல்லியிருப்பாளோ?